வட்டில் இடமில்லை

இரண்டே கால். பெல்லந்தூர்.
தலையணைக்கடியில் போன் அலறியது:
சர்வரில் வட்டு தொண்ணூற்றொன்பது சதவீதம்.
கீழே தண்ணீர் லாரி
அடுக்ககத் தொட்டிக்குள் குழாயை இறக்கிக்கொண்டிருந்தது.
அங்கே வறண்டுவிட்டது, இங்கே வழிகிறது.

கறுப்புத் திரையில் ஒரு வரி.
இமேஜ்கள் வந்து நின்றன:
பெயர், குறி, வயது, எடை.
‘லேட்டஸ்ட்’டுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.
‘ஃபைனல்’ மூன்று பேர்.
பெயருக்கு நேரே இல்லை, குறிக்கு நேரே இல்லை என
நாற்பத்தேழு.

எல்லாம் ஒரு நாள் லேட்டஸ்ட்டாக இருந்தவைதான்.
மறுபடி கட்டும்போது
பெயர் கழன்று புதியதில் ஒட்டிக்கொள்ளும்,
உடம்பு கிடக்கும்.

ப்ரூன் என்றேன்.
நிச்சயமா என்றது.
ஒய்.
தலைக்கு ஒன்றரை ஜிபி, கூட்டினால் எழுபது.
மீண்டது மூன்று.
அடியில் எல்லாருக்கும் ஒரே லினக்ஸ், ஒரே பைத்தான்.
அவரவருக்கென்று இருந்தது
மேலே ஒரு மெல்லிய ஏடு.

அடுத்த கண் பட்டது ‘மாதேஷ்-சோதனை-4’இல்.
ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவன்.
மார்ச்சில் பதினைந்து நிமிட மீட்டிங்,
மதியம் குரூப்பில் அவன் இல்லை.
அழி என்றேன்.
முடியாது,
ஒரு கன்டெய்னர் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எது?
இருநூற்றுப் பதினாறு நாளாக ஓடுகிறது.
லாக்கைத் திறந்தேன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரி:
‘பில் வரிசை சிக்கியது, தட்டிவிட்டேன்.’
‘பில் வரிசை சிக்கியது, தட்டிவிட்டேன்.’
ராத்திரி, தீபாவளி, சம்பள நாள்,
அவன் போன அந்த மதியமும்.

பில் பிரச்சினை தானாகச் சரியானதென்று
ஜூலையில் கேக் வெட்டினோம்.
கத்தியைப் பிடித்தவள் நான்.

கட்டாயப்படுத்தலாம், அதற்கும் ஒரு சொல் இருக்கிறது.
பெயர்தான் போகும்,
ஓடுவது ஓடும்.
அந்தச் சொல்லை அடித்தேன்,
என்டர் வரை போய்
ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பி வந்தேன்.

என் பெயரைத் தேடினேன்.
பதினொன்று.
எதையும் எதுவும் பிடித்திருக்கவில்லை.
ஒரே வரியில் போயின.
இருபத்தாறு ஜிபி.

அறுபத்தெட்டு சதவீதம் என்றது திரை.
லாரிக்காரன் குழாயைச் சுருட்டிக்கொண்டே
கன்னடத்தில் யாரையோ வைதான்.
காலையில் எழுத வேண்டிய அறிக்கையில்
காரணம் என்ற கட்டத்துக்கு நேரே
மாதேஷ் என்று தட்டினேன்.
நம்பரும் சேர்த்தேன்.
இன்னும் என் போனில் இருந்தது.