எண்பத்தெட்டு எச்

கூத்தாநல்லூர் ஜபருல்லாவின் டயர் கடையில்
ஜாக்கியில் நிற்கிறது என் வண்டி,
லாடம் கட்ட ஒரு காலைக் கொடுத்த மாடு போல.
பள்ளத்தில் ஒற்றை ரூபாயைச் செருகிக் காட்டினார்.
விளிம்புகூட மறையவில்லை.
"மழையில பிரேக் போட்டா
வெண்ணாத்துக்குள்ளதான் மேடம் நிக்கும்."

எனக்கு விதைச்சான்றுத் துறையில் வேலை.
மூட்டையைத் தொடுமுன் அட்டையைப் படிப்பவள்:
ரகம், குவியல் எண், ஈரப்பதம்,
முளைப்புத்திறன், காலாவதி.
கை பழகிவிட்டது.
குந்தி உட்கார்ந்து
டயரின் விலாவையும் அப்படியே படித்தேன்.
185/65 ஆர் 15, 88 எச்.

எண்பத்தெட்டு என்றால்
ஒரு சக்கரம் ஐந்நூற்று அறுபது கிலோ சுமக்கும்.
எச் என்றால் மணிக்கு இருநூற்றுப் பத்து.
எஸ், டி, யு என்று வரிசையாய் வந்து
வி-க்கு முன்னால் திடீரென்று ஓர் எச்;
விண்ணப்பிக்காமலே இடமாற்றம் வாங்கியவர் மாதிரி
தன் வரிசையை விட்டு அங்கே நிற்கிறது.
எனக்கு அதன்மேல் உடனே பிரியம் வந்துவிட்டது.

ஜபருல்லா எடுத்து வந்தது டி.
நூற்றுத் தொண்ணூறு.
டயருக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் குறைவு.
"நீங்க அறுபதத் தாண்டுனா
ஊர்ல பேசிக்க மாட்டாங்களா?"

உண்மைதான்.
பாதி ரோட்டில் நெல் காய்கிறது,
மீதியில் ஆடு படுத்திருக்கிறது.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
என்ஜினை அணைத்துவிட்டு
இரண்டு ஆய்வறிக்கை எழுதி முடித்திருக்கிறேன்.
இந்த வருடத்தில் என் உச்ச வேகம் எண்பத்திரண்டு,
வல்லம் புறவழிச்சாலையில்,
இணை இயக்குநர் கூட்டத்துக்குப் பிந்திவிட்டபோது.
அகவிலைப்படி நிலுவையும் இன்னும் வரவில்லை.

"சரி, டி-யே" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது, இந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாமல்,
சேரங்குளம் பக்கிரிசாமி நினைவுக்கு வந்தார்.
போன தையில் அவருடைய குவியல்
எழுபத்தாறு முளைத்தது.
எண்பது வேண்டும்.
"நாலுதானேம்மா, என் வயல்ல
ரெண்டு கிலோ கூட வெதச்சுக்க மாட்டேனா?"
"உங்க வயலுக்கு மட்டும்னா வெதச்சுக்கலாம்" என்று
நீல அட்டை தராமல் வந்துவிட்டேன்.
அவர் கொடுத்த மோரை மட்டும்
குடித்துவிட்டு வந்தேன்.

"உங்க சொந்த வண்டின்னா எதை மாட்டுவீங்க?"

ஜபருல்லா டீயை ஒரு வாய் குடித்தார்.
இன்னொரு வாய்.
"வேகத்துக்கு மட்டும் போட்ட எழுத்து இல்ல அது.
சூடு தாங்குற கணக்கும் அதுலதான்.
சித்திரை வெயில், தார் ரோடு,
பின்னால நீங்க ஏத்துற மூட்டை, குறைஞ்ச காத்து...
கதவுல ஒட்டியிருக்கற எழுத்துக்குக் கீழ
நான் இறங்க மாட்டேன்."
அதற்குப் பிறகு
என் முகத்தைப் பார்க்காமல் கத்தினார்:
"அந்தோணி, அந்த எச் ரெண்ட இறக்குடா!"

நான்கு இலக்கத் தேதியையும் தேடினேன்.
வாரம் இரண்டு, வருடம் இரண்டு.
"பழசு, வேற எடுங்க" என்றேன்.
அந்தோணி பரணுக்கு மறுபடி ஏறினான்,
காதில் விழும்படி முணுமுணுத்தபடி.

புதியவை இரண்டும் பின்னால் என்றார்கள்.
முன்னால்தானே என்று வாதாடித் தோற்றேன்.
வழுக்குவது பின்பக்கமானால்
ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காதாம்.
முன்சக்கரங்கள் இரண்டுக்கும் அடுத்த மாதம்வரை தவணை.

இருநூற்றுப் பத்துக்குச் சான்று பெற்ற சக்கரங்களோடு
வடுவூர் வரை
ஓர் அறுவடை இயந்திரத்தின் பின்னால்
பதினெட்டில் போனேன்.
ஹாரன் அடிக்கவில்லை.
எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது
யாருடைய நெல்மீதோ ஏறி இறங்கினேன்.

அலுவலக வாசலில் குனிந்து பார்த்தேன்.
ரப்பர் மீசை இன்னும் உதிரவில்லை.
பள்ளத்தில் ஒரு மணி சிக்கியிருந்தது.
நகத்தால் நெம்பி எடுத்துக் கடித்தேன்.

பதினைந்து இருக்கும் ஈரம்.
இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்.