மேற்படி வட்டின் நான்கெல்லை

சூரமங்கலம் சார்பதிவகத்துக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் கடைக்கும் நடுவே
எட்டடிக்குப் பத்தடி எங்கள் அலுவலகம்.
ஒரே கணினி.
ஐநூறு ஜிபி. ஏகபோகமாய் விண்டோஸ் ஏழு.

அங்கமுத்து சாருக்கு ஏழு வேண்டும்:
புள்ளிபுள்ளியாய் அச்சடிக்கும் பழைய எந்திரம்
ஏழின் பேச்சை மட்டுந்தான் கேட்கும்.
சர்க்கார் வேலைக்குப் பத்து வேண்டும்;
ஏழில் திறந்தால் வெறும் வெள்ளைத்தாள்.
போன வாரமே பத்தைக் குடிவைத்தாயிற்று.
எனக்கு என்ன வேண்டும் என்று
யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.

எஸ்தர் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில்
கணினி லேப் பார்க்கிறாள்.
மாலை பேருந்தின் கண்டக்டரிடம்
காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
மிளகு வாசத்தோடு வந்து சேர்ந்தது
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு லினக்ஸ்.
சுற்றிய தாளில் அவள் கையெழுத்து:
'பேக்கப் எடுத்துட்டுப் போடு. தைரியமா போடு.'

சனிக்கிழமை இரவு.
சார் காதுகுத்துக்கு ஓமலூர் போயிருந்தார்.
ஷட்டரை முக்கால் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு வருஷமாய்ப் பாகம் எழுதுகிற கை;
வட்டைக் கண்டதும் வாசகம் தானாக வந்தது:

சாரின் ஏழுக்கு மேற்கு,
சர்க்காரின் பத்துக்குக் கிழக்கு,
இதற்கு மத்தியில்
மேற்படி வட்டில் அறுபது ஜிபி
எனக்கு.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள.

ஏழு லேசில் சுருங்கவில்லை.
நகராத கோப்பு ஒன்று
கல்யாண வீட்டுக் கூடத்தில் தூங்கும் பெரியப்பா மாதிரி
நட்டநடுவில் காலை நீட்டிக் கிடந்தது.
எழுப்பி ஓரமாய்ப் படுக்கவைப்பதற்குள்
பதினொன்றரை.

அறுபத்தோரு சதவீதத்தில் கரண்ட் போனது.
தெரு முழுக்க இருட்டு.
யூபிஎஸ் மட்டும் பல்லி மாதிரி விட்டுவிட்டு.
அதன் பேட்டரிக்கு என் வேலையின் வயசு.
உள்ளே ஊர்ச்சனத்தின் வீடு, வண்டிப்பாதை,
கிணற்றில் ஆறில் ஒரு பங்கு, மாமரம் நாலு
எல்லாம் பாதி இங்கே, பாதி அங்கே,
வீடு மாற்றும் லாரி நடுவழியில் நின்றது போல.
பேக்கப் எடுத்திருந்தேன்.
எடுத்தது திறக்குமா என்று
அப்போதுதான் நினைத்தேன்.
எழுபத்து நாலு.
ஜங்ஷனில் ஏதோ ரயில் கூவியது.
எண்பத்தெட்டு.
எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை;
கூப்பிட்டால் கவனம் சிதறும்.

முடிந்தது.
அதற்கப்புறம், ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது,
ஒன்றும் நடக்காதது போல.

இப்போது காலையில் பொத்தானை அமுக்கினால்
கருப்புத் திரையில் மூன்று வரி.
பத்து விநாடி அவகாசம்.
ஒன்றும் சொல்லாவிட்டால் ஏழு.
அது சாருடைய ஏற்பாடு.

ஒரு விஷயம் எஸ்தர் சொல்லவில்லை.
என் பக்கத்திலிருந்து பார்த்தால்
அவர்கள் அறை இரண்டும் தெரிகிறது,
கோப்பு கோப்பாக, பெயர் பெயராக.
அங்கிருந்து என் பாகம் வெற்று மனை.
'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்யவேண்டும்,
செய்யட்டுமா?' என்று கேட்கிறது பத்து.
மரியாதையாகத்தான்.

அண்ணன் சென்றாயனும் மரியாதையாகத்தான் கேட்டான்.
கன்னங்குறிச்சி நிலத்துக்கு
என் விடுதலைப் பத்திரத்தை நானேதான் அடித்தேன்,
இதே கீபோர்டில்,
'மனப்பூர்வமாகச் சம்மதித்து' வரைக்கும்
ஒரு பிழை இல்லாமல்.
ஏழின் அறையில் 2016 என்ற உறைக்குள் இருக்கிறது.
என் பக்கத்திலிருந்து போய்த் திறந்து பார்த்தேன்.
படிக்க மட்டும்.

அப்புறம் இந்தக் கடிகாரம்.
நான் இருந்துவிட்டுப் போனால்
ஏழில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிவிடுகிறது.
காலை பத்தரையை விடிகாலை ஐந்து என்கிறது.
பேட்டரி போயிடுச்சு போல என்று
சார் நாணயம் மாதிரி ஒன்று வாங்கிவந்து மாற்றினார்.
மறுநாளும் ஐந்து.
ஒற்றை வரிக் கட்டளையில் சரியாகிவிடும், தெரியும்.
நாளைக்கு, நாளைக்கு என்று இருக்கிறேன்.
வாசலில் சாட்சிக்காரர்கள் டீ குடிக்கிறார்கள்.
எதிரே டோக்கன் பதினேழைக் கூப்பிடுகிறார்கள்.
இந்த எட்டடிக்குள் மட்டும்
இன்னும் பால்காரன் வரவில்லை.