மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில்

குளச்சல் ஐஸ் பிளாண்டில்
நான் எழுதிய பதிவேட்டை
நாகர்கோவிலில் இருந்து வந்த அதிகாரி புரட்டினார்.
மூன்று மணி: பன்னிரண்டரை, இரண்டு.
நான்கு மணி: சைபர், சைபர்.
கையெழுத்து இரண்டும் என்னுடையதுதான்.
இரண்டாவது கொஞ்சம் கோணல்.

"நடுவில் என்னம்மா நடந்தது?
டிப்ளமா படித்தவள்தானே, வரைந்து காட்டு."

குத்துக்கோடு அழுத்தம். கிடைக்கோடு பருமன்.
மேலே இடது ஓரத்தில் ஒரு புள்ளி.
அடுத்த புள்ளிக்குத் தாள் போதவில்லை,
மேசைமேல் வைத்தேன்.

"சேர்த்து வரை."

சார், சேர்க்கிற கோடு
பைய நடக்கிறவர்களுக்கு உள்ளது.
பிஸ்டன்மேல் மணலைக் குவித்து
ஒவ்வொரு மணியாக எடுத்தால்
உள்ளே எங்கும் ஒரே அழுத்தம்.
எடுத்த மணியைத் திரும்ப வைத்தால்
வந்த தடத்திலேயே திரும்பிப் போகும்.
அப்படி ஒரு யந்திரம் ஓட்டினால்
ஒரு பாளம் உறைவதற்குள் எனக்கு நரைத்துவிடும்.
மீன் காத்திருக்குமா?

அன்றைக்குத் துறையில் பதினொரு வள்ளம்.
சாளையும் நெத்தோலியும் குவிந்து கிடக்க
வாசலில் ஹாரன்மேல் ஹாரன்.
கால் சுற்றுத் திறக்க வேண்டிய வால்வை
முழுச் சுற்றுத் திறந்தேன்.
இதைப் பதிவேட்டில் எழுதவில்லை.
இப்போது சொல்கிறேன்.

கேஸ்கெட் போன நொடியில்
அம்மோனியாவின் அழுத்தம் என்ன என்கிறீர்கள்.
எந்த இடத்து அம்மோனியா?
விரிசலின் வாயில் ஒன்று,
குழாய் வளைவில் ஒன்று,
ஷைஜினின் இடது கண்ணில் ஒன்று.
ஒற்றை எண் இல்லாத இடத்தில்
பென்சிலை எங்கே ஊன்ற?

ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால்
விட்டுவிட்டு ஏழு சிறு கீறல் போட்டேன்.
கடைசி இரண்டு மேசையில் விழுந்தன.
"இது போதாது" என்றார்.
போதாதுதான்.

இப்போது புது கேஸ்கெட்,
தூத்துக்குடியில் இருந்து புது சிலிண்டர்.
முள் பன்னிரண்டரையில் நிற்கிறது.
பழைய புள்ளியின்மேலேயே
வந்து உட்கார்ந்திருக்கிறது புள்ளி.
படத்தை மட்டும் பார்த்தால்
ஒன்றும் நடக்கவில்லை.

மதிலுக்கு அப்பால் முருங்கை
பிளாண்டைப் பார்த்த பக்கம் மட்டும் கருகி நிற்கிறது.
அதைப் பற்றி மின்கட்டண ரசீதிலும் இல்லை,
அதிகாரியின் அறிக்கையிலும் இல்லை.

ஷைஜின் வேலைக்கு வந்துவிட்டான்.
கொக்கி போட்டுப் பாளம் இழுக்கிறான்.
இடப்பக்கம் இருந்து நான் கூப்பிட்டால்
முழு உடம்பையும் திருப்புகிறான்,
பைய.