பத்துக்குக் கொஞ்சம் குறைந்த குதிரைகள்

சீட்டுப் பணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
வளையலுக்கென்று மூன்று வருடம் கட்டியது.
படகு என்றதும் மின்வாரிய அலுவலகத்தில்
ஒருவர் விடாமல் கேட்டார்கள்:
மீட்டர் கணக்கெடுக்கிறவளுக்குப் படகு எதற்கு?
நானும் யோசித்துப் பார்த்தேன்.
பதில் வரவில்லை. ஆசை போகவும் இல்லை.

தேவனாம்பட்டினத்தில் பார்த்த முதல் படகு
அன்றைக்குத்தான் பெயிண்ட் அடித்தது.
தொட்ட விரலில் நீலம் ஒட்டியது.
எதை மறைக்க இவ்வளவு அவசரம் என்று
திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவதில் நாற்பது குதிரை.
விற்கிறவர் ஒரே ஒரு முறை முறுக்கிக் காட்டினார்.
அக்கரைக் கொக்குகள் மொத்தமும் எழுந்தன.
என் வயிறும்தான்.

மூன்றாவது சோனாங்குப்பத்தில் கவிழ்ந்து கிடந்தது,
முதுகில் கருவாடு காய.
பதினாறடி.
பத்துக்குக் கொஞ்சம் குறைந்த குதிரைகள்.
குடம் வாங்குவதுபோல் அடி முழுக்கத் தட்டிப் பார்த்தேன்.
எல்லா இடத்திலும் ஒரே குரல்.
எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் மட்டும்
சத்தமே நனைந்த மாதிரி.
ஸ்க்ரூடிரைவரை அழுத்தினேன்,
டீயில் ஊறின பன்னில் போவதுபோல் போனது.

அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள்.
"இதுவரைக்கும் வந்த ஆம்பளைங்க எல்லாம்
எஞ்சினத்தான் பாத்தானுங்க."
பலகை மாற்றுகிற காசைக் கழித்துக்கொண்டாள்,
கருவாட்டுக்குத் தனியாக வாங்கிக்கொண்டாள்.

உப்பனாறு. ஞாயிறு, காலை ஆறு மணி.
சிவப்புச் சுருள் கயிறு ஒன்றை
என் மணிக்கட்டில் மாட்டினாள்.
"நீ தண்ணில வுழுந்தா இது புடுங்கிக்கும், எஞ்சின் நிக்கும்.
இல்லன்னா உன்ன வுட்டுட்டு
அது மட்டும் ஊரு சுத்தும்."
வளையல் ஏறியிருக்க வேண்டிய கை.

எஞ்சினின் இடுப்பிலிருந்து ஒரு நூல் தண்ணீர்
வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டுமாம்,
அது நின்றால் எஞ்சின் வெந்துவிடுமாம்.
முதல் அரைமணி நான் ஆற்றையே பார்க்கவில்லை.
அந்த நூலைத்தான்.

கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால்
படகு வலப்பக்கம் போகிறது.
பதினெட்டு வருடம் ஸ்கூட்டி ஓட்டின கை
இதை அவமானமாக எடுத்துக்கொண்டது.
திரும்புவது மூக்கு இல்லை, வால்.
வால் போகிற போக்கில் பக்கத்துப் படகுக்கு ஒரு இடி.
அதில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து
என் வம்சத்தையே விசாரித்தான்.

துறை நெருங்குகிறது.
என் நான்கு விரலும் தாமாக மடங்குகின்றன
இல்லாத பிரேக்கைப் பிடிக்க.
இறுகின கை கூடவே முறுக்கியும்விட்டது.
"நூட்ரல்! நூட்ரல்!"
அந்தச் சொல் என் காதில் விழுந்து
கைக்கு வந்து சேர்வதற்குள்
துறையில் கட்டியிருந்த லாரி டயர்
பெருந்தன்மையாக எங்களை வாங்கிக்கொண்டது.
"பின்ன எதுக்குக் கட்டியிருக்கு" என்றாள்,
தண்ணீரில் போன செருப்பைத் துழாவிக்கொண்டே.

நான்காவது ஞாயிறு.
வற்றம், தண்ணீர் முகத்துவாரத்துக்கு இழுத்தது.
எதிர்த்து மூக்கைத் திருப்பினேன்.
சீக்கிரமே, வெட்கப்படுமளவு சீக்கிரமே, நூட்ரல்.
எஞ்சின் முனகிக்கொண்டு சும்மா இருக்க
இருபதடி தூரம் படகு தானாகப் போனது.
அந்த இருபதடியில் செய்ய ஒன்றுமே இல்லை.
அதுதான் இத்தனை நாளாக வரவில்லை.
டயர் லேசாக அசைந்தது.
அஞ்சலாட்சி கயிற்றை வாங்கிக் கட்டினாள்,
மீன் விலையைப் பற்றி ஏதோ பேசினாள்.

திங்கட்கிழமை, லாரன்ஸ் ரோடு.
சிக்னல் சிவப்பு.
ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு
வண்டி தானாகப் போய் நிற்குமென்று
அமைதியாக உட்கார்ந்திருந்தேன்.
முன்னால் தண்ணீர் கேன் ஏற்றின ஆட்டோ
பெரிதாகிக்கொண்டே வந்தது.
அதன் பின்னால்
டயர் எதுவும் கட்டியிருக்கவில்லை.