மூன்றாவது லேன்

"ஒண்ணே ஒண்ணு சொல்லு சேச்சி" என்பான் பிஜோய்.
நூற்றுச் சொச்சம் பாட்டில் ஒன்றே ஒன்று.
அவன் சட்டையில் அந்த நால்வர் நிற்கிறார்கள்.
துவைத்துத் துவைத்து
டிரம்ஸ்காரருக்கு முகம் போய்
தாடி மட்டும் மிச்சம்.
இரவு ஷிப்டில் எல்லோருக்கும் இதே கேள்விதான்.
ஷம்னாத் மூன்று வருடமாக ஒரே பதில் வைத்திருக்கிறாள்.
பிஜோய்க்கு வாரத்துக்கு ஒன்று மாறும்.
நான்தான் பாக்கி.

எனக்கு ஒன்றுக்கும் பெயர் தெரியாது.
நான் அவர்களைக் கேட்டதெல்லாம் கார் ஜன்னல் வழியாக.
கண்ணாடி இறங்கும்,
ஒரு கை சில்லறை தேடும்,
பதினோரு நொடி, மிஞ்சிப் போனால் பதினைந்து,
தடை எழும்பும்.
பாட்டு பாலக்காட்டுக்குப் போய்விடும்.

மிச்சத்தை வாளையாற்றுக் காற்று முடித்து வைக்கும்.

எர்ணாகுளம் ஜீப்பில் ஒரு தொடக்கம்.
ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வேனில் அதன் நடு,
அல்லது அது வேறு பாட்டோ என்னவோ.
கஞ்சிக்கோட்டுக் கம்பெனி முதலாளியின் கறுப்புக் காரில்
யாரோ அலறுவது மட்டும்.
என் ஆங்கிலம் ரசீதில் அச்சாகிற அளவுக்கு.
'லவ்' என்றால் தெரியும், 'நோ' என்றால் தெரியும்.
நாலு பேரும் அதற்கு மேல் பெரிதாக
எதுவும் சொன்னதாகத் தோன்றவில்லை.

பிறகு கண்ணாடியில் ஸ்டிக்கர் வந்தது.
வண்டிகள் வாயை மூடிக்கொண்டு போகின்றன.
ஸ்டிக்கரில் காசில்லாதவன்தான் ஜன்னலை இறக்குகிறான்,
அவனும் பாட்டை நிறுத்திவிட்டுத்தான்
சண்டைக்கு வருகிறான்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்க்க
லாட்டரிக் கடை வரிசைக்குப் போகலாம்.
மதுக்கரை, க.க.சாவடியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.
மகள் பிறந்த தேதி, பைக் நம்பர்,
செத்துப்போன அண்ணனின் ரேஷன் கார்டில் கடைசி நாலு எண்,
கட்டுக் கட்டாகத் தேடிவிட்டு
கடைக்காரன் கிழித்துக் கொடுப்பதை
வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நான் அப்படி வாங்க மாட்டேன்.
என்னிடம் ஒன்று இருந்தது.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி, சாய்ந்தடிக்கும் மழை,
மூன்றாவது லேனில் பழைய மாருதி.
ஓட்டி வந்தவள் நர்ஸ் உடுப்பில் இருந்தாள்.
நனைந்த நூறு ரூபாய் என் விரலோடு ஒட்டிக்கொண்டது.
உள்ளே கிடார் ஏறிக்கொண்டிருந்தது,
ஏறி ஏறி, இனி இடமில்லை என்கிற இடத்தில்
அடியிலிருந்து நீளமாக ஓர் ஓசை வந்து
அதைத் தாங்கிப் பிடித்தது,
கட்டிலில் உருளும் குழந்தைக்குத்
தூக்கத்திலேயே நீளும் கை மாதிரி.
பாக்கி தர மறந்தேன். அவளும் கேட்கவில்லை.
அன்றைய கணக்கில் முப்பத்தைந்து ரூபாய் கூடுதல்.
விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.
'பாட்டு' என்றா எழுத முடியும்?

நேற்று பிஜோய் அதைத் தேடிப் பிடித்தான்.
நான் மூக்கால் பாடிக் காட்டக் காட்ட
பதினேழு தள்ளி, பதினெட்டாவது.
போனை ரசீது மெஷின்மேல் சாய்த்து வைத்தோம்.
கிடார் ஏறியது. அதே ஏற்றம்.
உச்சிக்குப் போய்
நின்றது.
கீழிருந்து ஒன்றும் வரவில்லை.
"வேற ரெக்கார்டிங் ஆயிருக்கும் சேச்சி."
மேடையில் வாசித்தது, அறையில் வாசித்தது, ஏழெட்டு.
எதிலும் இல்லை.

மணி இரண்டே கால்.
முட்டை ஏற்றிய நாமக்கல் லாரி ஒன்று,
முன்னால் ஸ்டிக்கரோடு மல்லுக்கட்டிய கார் நகராமல்,
ஏர்ஹாரனை அழுத்தியது.
அழுத்திய கையை எடுக்கவில்லை.

அதேதான்.

பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
"ஏனுங்ணா, இன்னொருக்கா அடிங்க" என்றேன்.
ஹாரனுக்காகத் திட்டு மட்டுமே வாங்கியிருந்த மனிதர்
என்னைப் பார்த்தார், கிளீனரைப் பார்த்தார்,
அடித்தார்.
அதற்குள் கிடார் இறங்கி
நால்வரும் 'நோ'வுக்குப் போய்விட்டார்கள்.
தடை எழும்பி, முட்டை கேரளத்துக்குள் போனது.

"அப்ப எதுதான் சேச்சி?"

"வரிசையில இன்னும் நாலு லாரி நிக்குது.
மொதல்ல இருந்து போடு."