மேற்குப் பார்த்த வீடு

நாலு வருஷமாக விலை போகவில்லை அந்த வீடு.
ஜாகீர் அம்மாபாளையம், மூணாவது கிராஸ்,
மேற்கே முகம், ஒரு மர நிழல் கிடையாது.
லாரி ஆபீஸ் தங்கவேலு கட்டியது.
முதல் சித்திரையிலேயே
சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போய்விட்டார்.
சாயங்காலம் நாலு மணிக்கு
அந்தச் சுவரில் தோசை வார்க்கலாம் என்று
பார்ட்டிகளிடம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்,
புரோக்கர் சொல்லக்கூடாத வார்த்தை.

நவமணி வந்தது டிசம்பரில்.
நார்வேயில் நர்ஸ், இருபத்தாறு வருஷம்.
ஊர்ப்பெயர் டிராம்சோ என்றார்;
ரசீதில் இரண்டு முறை அடித்து எழுதினேன்.
மூணு மாசம் தங்க ஒரு வீடு வேண்டும்,
குளிர்காலத்துக்கு.

குளிர்காலம் என்றதும்
எனக்குத் தெரிந்த ஒரே திசை மேலே.
காரை ஏற்காட்டுக்கு விட்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
கண்ணை மூடியே வந்தார்.
காப்பித் தோட்டத்து நடுவில் கண்ணாடி வைத்த வில்லா,
ஏரி தெரியும் என்றேன்.
ஏரி தெரியவில்லை.
நாங்கள் வந்த காரே தெரியவில்லை.
'இதுக்கா தம்பி மூணு ஃப்ளைட் மாறி வந்தேன்?
இது அங்க ஓசியிலேயே கெடைக்குது.'

இறங்கும்போதுதான் சொன்னார்:
நவம்பர் கடைசியில் ஒரு நாள்
சூரியன் போனால் போனதுதான்,
ஜனவரி பாதியில்தான் தலைகாட்டும்.
அதுவரை ஒரு வெளிச்சப் பெட்டி முன்னால்
அரைமணி உட்கார்ந்துவிட்டு டூட்டிக்குப் போவாராம்.
'நாமக்கல் பண்ணையில குஞ்சுக்கு
பல்பு போடுவாங்களே, அது மாதிரி.'

அப்போது மணி மூன்றரை.
என்ன தோன்றியதோ,
வண்டியைத் தங்கவேலு வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

சமையலறை பார்க்கவில்லை.
வாஸ்து கேட்கவில்லை, போர் எத்தனை அடி என்று கேட்கவில்லை.
நேராகப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கை வைத்தார்.
பிறகு இன்னொரு கை.
பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகு.
நான் போனில் ஏதோ பார்ப்பதுபோல்
திரும்பிக்கொண்டேன்.

மொட்டை மாடியில் ஒரு சிக்கல்.
தூரத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்து மண்மேடு
வெயிலில் பளீரென்று.
முகம் சுருங்கிவிட்டது. 'அது என்ன?'
கல்லுங்க. தொட்டா சுடும்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.
'சுடுற பனி' என்றார்.

பேரம் பேசவில்லை.
மனசு கேட்காமல் நான்தான்
தங்கவேலுவிடம் ஐம்பதாயிரம் குறைக்கச் சொன்னேன்,
என் கமிஷனும் குறையும் என்று தெரிந்தே.

இது மே கடைசி. சாவி என்னிடம்.
வாரம் ஒருமுறை போய் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.
பூட்டைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிகிறது.
குழாயைத் திருகினால் வெந்நீர்.

நேற்று விடியற்காலை மூன்றரைக்கு போன்.
அங்கே நடுராத்திரி.
சூரியன் ஜன்னலில் நிற்கிறதாம், ஒரு வாரமாக இறங்கவே இல்லையாம்,
கறுப்புத் திரை போட்டும் இடுக்கில் வருகிறதாம்.
'மன்னிச்சுக்கங்க தம்பி, தூக்கமே வரலை.
அங்க இருட்டாத்தானே இருக்கு?
கொஞ்சம் மாடிக்குப் போய்ப் பாத்துச் சொல்லுங்க.'

லுங்கியை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.
இருபது வருஷமாக நான் விற்றதெல்லாம்
நல்ல வெளிச்சம், நல்ல காற்றோட்டம்.
இருட்டுக்கு என்னிடம் பேச்சு இல்லை.

நல்ல இருட்டுங்க.
'ம்.'
மலை தெரியலைங்க. மேல நாலஞ்சு விளக்கு மட்டும்.
'ம்.'
நாய் ஒண்ணு கொரைச்சுட்டு நிறுத்திருச்சு.
'ம்.'
பக்கத்து வீட்டு டேங்க் நிரம்பி ஊத்துது,
ஒருத்தரும் எந்திரிக்கலை.

அதற்கு 'ம்' வரவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது.
போனை அணைக்காமல்
நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.
தளம் இன்னும் சூடாக இருந்தது.