குழிகள் மட்டும் அடிக்கணக்கில்

துணி உலர்த்தும் அறைக்குப் பக்கத்து அறை,
குவோப்பியோவில் எங்கள் குடியிருப்பின் நிலவறை.
ஈரக் கம்பளியும் சலவைத்தூளும் மணக்க
வியாழன்தோறும் ஐந்து பேர்
இந்த நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்கு
இறங்குவோம்.

கட்டம் போட்ட விரிப்பு. இருபது முகப் பகடை.
பூதங்களுக்குப் பொம்மை போதவில்லை;
கறுப்பு அதிமதுர மிட்டாயை நிறுத்தி வைத்து
வீழ்த்தியவரே தின்னலாம் என்று விதி.

விதிநூல் மட்டும் கடல் கடந்து வந்தது.
அதில் எல்லாமே அடி.
கதவு எட்டடி, பாலம் நூறடி,
இருட்டில் குள்ளன் கண்ணுக்குத் தெரிவது அறுபதடி.
"யாருடைய அடி?" என்று
நாற்பத்தேழாம் எண் சப்பாத்தை மேசைமேல் வைப்பான் ஒஸ்ஸி.
ஒவ்வொரு வாரமும்.
ஒவ்வொரு வாரமும் வில்யா அதைத் தள்ளிவிடுவாள்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து
முழு நூலையும் மீட்டருக்கு மாற்றினேன்.
ஐந்தடிக் கட்டம் ஒன்றரை மீட்டர்.
கட்டத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் நான் விழுங்கியதை
இதுவரை எந்தப் பூதமும் கேட்டு வரவில்லை.

டிராகன் ஊதும் நெருப்பு பதினெட்டு மீட்டர்.
நடுவில் துருத்தி வைத்த பேருந்து,
சந்தைத் திடலில் வளைய முடியாமல் வளையுமே, அதன் நீளம்.
சொன்னதும் நாலு பேரும்
நடைபாதை மட்டத்துச் சன்னலைப் பார்த்தார்கள்.
ஆறு வருஷத்தில் முதல்முறை
டிராகனுக்குப் பயந்தார்கள்.

வில்யாவின் வில் நூற்றெண்பது மீட்டர் போகும்.
"காலிப் புட்டி வாங்கும் கடை வரைக்குமா?
இந்தப் பனியில் அங்கே நிற்பது
ஆளா கம்பமா தெரியாது,
நீ கண்ணுக்குக் குறி வைக்கிறாயாக்கும்!"
சிரித்தோம். நான் ஜெயித்துவிட்டேன் என்றிருந்தேன்.

பிறகு ஹில்லாவின் திருடி கோபுரம் ஏறினாள்.
சாண் ஏறி, முழம் சறுக்கி,
மறுபடி சாண் ஏறி,
பகடையில் ஒன்று விழுந்தது.
என் அட்டவணையைப் பார்த்து வாசித்தான் ரோப்பெ:
"ஒன்பது மீட்டர் கீழே விழுகிறாய்.
மூன்று பகடை உருட்டு."

ஹில்லா உருட்டவில்லை.
குளிர்காலமெல்லாம் அவளுக்குச் சம்பளம் கூரைமேல்தான்,
இடுப்பில் ஆரஞ்சுக் கயிறு, கையில் அகல மண்வெட்டி,
தெருவுக்குப் பனி தள்ளும் வேலை.

"ஒன்பது மீட்டர் எனக்குத் தெரியும்," என்றாள்.
"மூன்றாம் மாடிக் கூரை விளிம்பு.
கீழே போகிறவன் தொப்பி ஒரு பொத்தான்."
கொஞ்சம் கழித்து,
"ஆர்த்துவுக்கும் தெரியும்."

பக்கத்து அறையில் உலர்த்தும் எந்திரம்
யாருடைய ஜிப்பையோ தட்டித் தட்டிச் சுற்றியது.
ஒஸ்ஸி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பழையபடியே சொல்லேன்," என்றாள் ரோப்பெயிடம்.
"முப்பது அடி என்று.
அது எவ்வளவு என்று எனக்குத் தெரியவே தெரியாது."

"முப்பது அடி," என்றான் அவன்.
உருட்டினாள். ஒன்று, ஒன்று, நாலு.
முப்பது அடியில் விழுந்த அடி ஆறு.
திருடி எழுந்து தூசி தட்டிக்கொண்டாள்.
ஹில்லா ஒரு பூதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்,
அதை யாரும் இன்னும் வீழ்த்தியிருக்கவில்லை.

என் அட்டவணையின் கடைசியில் பென்சிலால் ஒரு வரி:
கிணறு, குழி, கோபுரம் மட்டும் அடிக்கணக்கில்.
புதிதாகச் சேர்ந்த பையன் ஏன் என்று கேட்டான்.
மிட்டாய் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள் வில்யா.

இன்று வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத எட்டு மணி.
சுவரில் சாய்த்த கம்பு நடைபாதையை மறிக்கிறது;
மேலே ஆள் இருக்கிறது என்று பொருள்.
எதிர்ப்பக்கம் கடந்து நின்று
அண்ணாந்து பார்த்தேன்.
யாரென்று தெரியவில்லை.
கயிறு மட்டும் தெரிந்தது,
விறைப்பாக.